முன்னுக்கு நடந்தவர்

அந்த அண்ணை தனக்கு முன்னால் ஒருவரையும் நடக்க விடமாட்டார். நடந்தால் விறுவிறென்று வந்து முந்திவிடுவார். வடஜேர்மனியில் எங்கள் சின்ன நகரத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். அத்தனை பேருக்கும் இந்தச் சங்கதி தெரியும். பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்தால், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற மனைவியை வாசலில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போவார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் அக்கா பரிசுப் பெட்டியோடு உள்ளே வரவேண்டும். ரயிலில் இருந்து இறங்குவதும் அப்படி, கடைக்குள் நுழைவதும் அப்படி. தெருவில் அவர் முன்னே, அக்கா நாலடி பின்னே. அக்கா எப்போதும் குனிந்த தலையோடுதான் வருவார்.

"எஞ்சின் வருது, பெட்டியும் வருது" என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். பெண்களுக்கு அது பகிடியாக இல்லை. இந்தக் காலத்திலும் பெண்சாதியை ஆட்டுக்குட்டி மாதிரிப் பின்னால் கொண்டு திரிகிற மனிசன் என்று என் மனைவி கறுவுவாள். தலை நிமிர்ந்து நடக்கக்கூட விடாமல் அந்த மனுசியை அடக்கி வைத்திருக்கிறாராம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தலைக்கனம் பிடித்த ஆள் என்று மட்டும் நினைத்து வைத்திருந்தேன்.

அது தலைக்கனம் இல்லை என்று எனக்குத் தெரிய வந்தது சதுப்பில்தான். நான் வேலை செய்த, பாண் சுடுகிற தொழிற்சாலையை இழுத்து மூடிய அடுத்த வருடம், வேலை தேடிக் கொடுக்கிற அரசாங்கக் கந்தோர் என்னைப் பிடித்து இயற்கைப் பாதுகாப்பு வேலைக்கு அனுப்பியது. இயற்கையைப் பாதுகாக்கிற அளவுக்கு எனக்கும் அதற்கும் ஒரு பழக்கமும் இருந்ததில்லை. நகரத்துக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுத்த தண்ணீரும் பாசியும் காய்ந்த புல்லுமாக ஒரு வெளி கிடந்தது. காலை வைத்தால் நிலம் மெத்தை மாதிரி அமுங்கி, பக்கத்தில் நிற்கிற ஆளின் காலுக்குக் கீழே எழும்பும். முன்பு அந்த மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்களாம். அதற்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, முக்கால்வாசிச் சதுப்பைச் சாகடித்தும் விட்டார்களாம். இப்போது அதைப் பிழைக்க வைக்க எங்களைப் போல வேலையில்லாதவர்களை இறக்கியிருந்தார்கள். அண்ணை எனக்கு முன்பே அங்கே சேர்ந்திருந்தார்.

எங்கள் பொறுப்பாளர் ஓர் இளம் ஜேர்மன் பெண். உயிரியல் படித்தவர், நெடுநெடுவென்று வளர்ந்தவர். நாங்கள் எங்களுக்குள் கொக்கு என்போம். மாரிக்காலம் முழுக்க எங்களுக்கு வேலை மரம் வெட்டுவது. சதுப்பில் முளைக்கிற பேர்ச் மரக் கன்றுகள் தண்ணீரை உறிஞ்சிவிடும், தண்ணீர் போனால் பாசி சாகும், பாசி செத்தால் தவளை இல்லை, பாம்பு இல்லை, பறவை இல்லை என்று கொக்கு முதல் நாளே விளக்கினார். காட்டைக் காப்பாற்ற மரம் நடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மரத்தை வெட்டிக் காப்பாற்றுவதை அங்கேதான் கண்டேன். வெட்டிய மரத்தை இழுத்துக் குவிக்க வேண்டும். மீதி நேரம் பழைய வாய்க்கால்களைப் பலகையும் மண்ணும் போட்டு அடைக்க வேண்டும். தண்ணீர் தேங்கி, மேலே பாசி மூடி, சதுப்பு மறுபடி சதுப்பாகும். அடைத்த வாய்க்கால் எது, நிலம் எது என்று பிறகு கண்ணால் பிரித்தறிய ஏலாது. ஆழமோ ஆள் மூழ்கும்.

முதல் நாள் காலை உறைபனி. அண்ணை ஒரு நீளத் தடியோடு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ரை காலடியிலை காலை வை. இஞ்சாலை அங்காலை வையாதை."

தடியால் குத்துவார், ஊன்றுவார், ஒரு காலை எடுத்து வைப்பார், பொறுப்பார், மற்றக் காலை எடுப்பார். சதுப்புக் கரையில் இருந்த எங்கள் கந்தோரில் இருந்து மரம் வெட்டுகிற இடத்துக்கு மற்றவர்கள் சிகரெட் ஒன்று பிடித்து முடிக்க முதல் போய்விடுவார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது அவர்கள் தேநீர்க் குடுவையைத் திறந்திருப்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பின்னால் நின்று அவருடைய கழுத்தைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அந்தக் குளிரில் கழுத்தால் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. 

ஆள் பயந்தார். சும்மா இல்லை, குலைப்பன் காய்ச்சல் வந்து உதறுகிறவன் மாதிரிப் பயந்தார். அதுதான் எனக்கு விளங்கவில்லை. நானும் பயந்தாங்கொள்ளிதான், பயந்தாங்கொள்ளி பின்னால்தானே நிற்பான். அடுத்தவனை முன்னே விட்டு, அவன் தாழாவிட்டால் நாம் போகலாம் என்பதுதானே உலக வழக்கம். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது இதைப் பகிடி போலக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பயந்தவன்தான் தம்பி முன்னாலை போகவேணும். பயமில்லாதவன் போனா எல்லாருக்கும் ஆபத்து" என்றார்.

அவருடைய தம்பி ஒருவர் ஊரில், சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் செத்துப்போனதாக நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தோம். அண்ணையும் அக்காவும் பல வருடத்துக்குப் பிறகு ஊர் பார்க்கப் போயிருந்த நேரம் அது நடந்ததாம். எப்படி என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு இப்படியான சாவுகளைக் கேட்டுக் கிளறுகிற பழக்கம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும், யார் யாரைக் கேட்பது.

கொக்குக்கு அண்ணையைக் கண்டால் உயிர். இந்த ஆள் ஒரு பாசியைக்கூடத் தேவையில்லாமல் மிதிப்பதில்லை, இவருக்கு இந்த மண்ணில் இருக்கிற மரியாதை படித்தவர்களுக்கே இல்லை என்று எல்லோருக்கும் சொல்லுவார். இதை அண்ணைக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "பாசியாவது பூசியாவது" என்றார். ஆனால் மறுக்கவும் போகவில்லை. வேலை நீடிக்க வேண்டுமே.

ஒருமுறை தூரக்கண்ணாடியும் கமராவுமாக ஓய்வுபெற்ற ஆட்கள் ஒரு கூட்டம் சதுப்பைப் பார்க்க வந்தது. கொக்கு அண்ணையை முன்னுக்கு விட்டார். எல்லோரும் வரிசையாக அவருடைய காலடியில் கால் வைத்து வந்தார்கள். பூச்சி தின்கிற சின்னச் செடி ஒன்று இருக்கிறது, சிவப்பாகப் பசை வைத்துக்கொண்டு. அதைப் படமெடுக்க ஒரு முதியவர் வரிசையை விட்டு ஓரடி வெளியே வைத்தார். அண்ணை பாய்ந்து வந்து அவருடைய சேட்டுக் கொலரில் பிடித்து இழுத்து விழுத்திவிட்டார். தமிழில் ஏதோ கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. மிருகத்தின் குரல் மாதிரி இருந்தது. முறைப்பாடு வரும்போல இருந்தது. கொக்கு அந்த முதியவரைச் சமாதானப்படுத்தி, இவர் அந்தச் செடிக்காகத்தான் பதறினார் என்று சொல்லி அனுப்பினார். முதியவர் அண்ணையிடம் மன்னிப்பே கேட்டார்.

எனக்கு அன்று முதல் அவரோடு நடக்க ஒரு மாதிரி இருந்தது. பயம் தொற்றுகிற சாமான். கால் அமுங்கும்போதெல்லாம் கீழே என்ன கிடக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன். கொக்கைக் கேட்டேன். கறுப்பு மண், அதற்குக் கீழே வெள்ளை மணல், வேறொன்றும் இல்லை என்று சிரித்தார். அண்ணையிடம் அதைச் சொன்னேன்.

"அவ தோண்டிப் பாத்தவவோ?" என்றார்.

சித்திரை மாதம் மரவேலை முடிந்துவிடும். பறவைகள் கூடு வைக்கிற காலம் என்பதால் சதுப்பின் நடுவுக்கு நாங்கள் போகக் கூடாது. கரையில் இருக்கிற ஈரப் புல்வெளியில் மாரியில் குவித்த விறகை மட்டும் ஏற்ற வேண்டும். அந்த வருடம் வளைந்த நீள அலகுள்ள பறவைகளில் ஒரு சோடி அந்தப் புல்வெளியில் முட்டையிட்டிருந்தது. அந்தச் சதுப்பில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சோடிதான் என்று கொக்கு சொன்னார். வேறு சில பறவைகளின் கூடுகளும் அங்கே இருந்தன. எல்லாமே தரையில். புல்வெளி ஒரு விவசாயியுடையது. அவர் உழவு இயந்திரத்தில் உருளை போட்டு நிலத்தை மட்டமாக்க வருவார். கூடுகள் நசிந்து போகும். அதனால் கொக்கு முதல் நாள் பின்னேரம் தனியாகப் போய், ஒவ்வொரு கூட்டுக்கும் அருகில் மூங்கில் தடிகளை நட்டுவிட்டு வந்திருந்தார். இயந்திரக்காரரின் கண்ணில் படவேண்டும் என்று தடிகளின் தலையில் சிவப்பு நாடா சுற்றியிருந்தார்.

காலையில் கந்தோரில் வைத்து எங்களுக்கு இதைச் சொன்னார். அண்ணை அங்கே இல்லை. அவர் எப்போதும் எங்களுக்கு முதலே போய் வழியைத் தடியால் குத்திப் பார்த்துவிட்டு நிற்பவர். அன்றைக்குப் பனிப்புகார் வேறு. கொக்கு சொன்ன "சிவப்பு" என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். சொல்லி விளங்கப்படுத்த நேரமில்லை. வெளியே ஓடினேன், கொக்கும் என் பின்னால் ஓடிவந்தார்.

புகார் கலையத் தொடங்கியிருந்தது. புல்வெளியின் நடுவில் அண்ணை நின்றார். சுற்றிவரச் சிவப்புத் தலைத் தடிகள். அவற்றைக் காணாமலே உள்ளே நடந்து போய்விட்டார். வெளிச்சம் வந்தபோது நடுவில் நிற்பதைக் கண்டிருக்கிறார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, தடி கைநழுவிப் புல்லில் கிடந்தது. மேலே அந்த இரண்டு பறவைகளும் கத்திக்கொண்டு சுற்றின.

எங்கள் ஊர்ப் பக்கம் மிதிவெடி எடுக்கிறவர்கள் அப்படித்தான் தடி நடுவார்கள். தலையில் சிவப்புப் பூசிய தடி. சமாதான காலத்தில் ஊருக்குப் போன எல்லோரும் கண்டிருக்கிறோம். தடிக்கு அங்காலே போனவர்களையும் கண்டிருக்கிறோம்.

"வராதையுங்கோ" என்று கத்தினார். பிறகு கொக்கைப் பார்த்து ஜேர்மன் மொழியிலும் மிதிவெடி, மிதிவெடி என்று கத்தினார். கொக்கு ஒன்றும் விளங்காமல், அவை கூடுகள், முட்டைகள் என்று சொல்லிக்கொண்டு இரண்டடி வைத்தார். அண்ணை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் ஓரடி எடுத்தார். கொக்கு நின்றுவிட்டார். அவருடைய முகம் வெளுத்ததைக் கண்டு நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். அண்ணைக்குப் பின்னால் பச்சையாக, மட்டமாக, வடிவாகக் கிடந்தது பாசி. மாரியில் நானும் அவரும் சேர்ந்து அடைத்த வாய்க்கால் அது.

எங்களைக் கிட்ட வரவிடாமல், நாங்கள் ஓரடி வைத்தால் அவர் ஓரடி பின்னே போவார். இன்னும் சில அடிதான் இருந்தது. கீழே நோக்கிக்கொண்டு நின்ற ஆளுக்குத் தடிகள்தான் தெரிந்தன, வாய்க்கால் தெரியவில்லை. பின்னால் வாய்க்கால் என்று கத்தலாம் என்றால், திடுக்கிட்டு எந்தப் பக்கம் பாய்வார் என்று தெரியாது. நான் நின்ற இடத்திலேயே நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அண்ணை, இது ஜேர்மனி. அது குருவிக் கூட்டுக்கு நாட்டின தடி. வேறொன்றுமில்லை.

"என்ரை தம்பியும் அப்பிடித்தான் சொன்னவன்" என்றார். "ஆரோ மாடு கட்ட நாட்டின தடி எண்டு சொல்லிப்போட்டு எனக்கு முன்னாலை போனவன்."

அக்காவைக் கூப்பிடுங்கள் என்று கொக்கிடம் மெல்லச் சொன்னேன்.  கொக்கு மெதுவாக விலகிப் போய்த் தொலைபேசியில் அக்காவுக்குச் சொன்னார். அக்கா பக்கத்து முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். ஒருவர் காரோடு போனார். கார் வரும்வரை நாங்கள் மூச்சுவிடப் பயந்துகொண்டு நின்றோம். அண்ணை நின்ற நிலையிலேயே சோர்ந்துகொண்டு வந்தார். விழுந்தால் பின்னால்தான் விழுவார்.

அக்கா வேலை உடுப்போடு வந்து இறங்கினார். நான் வாய்க்காலைக் காட்டி, நீங்கள் கிட்டப் போனாலும் அவர் பின்னுக்குத்தான் போவார் அக்கா என்றேன். அக்கா தடிகளைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். அழவில்லை, கூப்பிடவும் இல்லை. சேலை கட்டாத நாளிலும் முந்தானையைத் தேடுகிறவர் மாதிரிக் கையால் இடுப்பை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு புல்வெளிக்குள் இறங்கினார். அண்ணையை நோக்கிப் போகவில்லை. அவருக்குப் பக்கவாட்டில், ஆள் இருப்பதையே காணாதவர் மாதிரி, தடிகளுக்குள்ளால் நேரே எதிர்ப்பக்கம் நடந்தார். கடைக்குப் போகிற நடை.

அண்ணை கத்தினார். அக்கா நிற்கவில்லை. ஒரு தடியைத் தாண்டினார், அடுத்த தடியை நெருங்கினார். இன்னும் கொஞ்சம் போனால் அவர் அண்ணைக்கு முன்னால் போய்விடுவார்.

அண்ணை ஓடினார். பின்னுக்கல்ல, முன்னுக்கு. தடியைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்க்கவில்லை. அக்காவை முந்திப்போய், தோளில் பிடித்துத் தள்ளி, தான் முன்னால் நின்றுகொண்டார். நான் கண்ணை இறுக்கி மூடிவிட்டேன். ஒன்றும் வெடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காதைப் பொத்தினேன்.

திறந்தபோது இரண்டு பேரும் வாய்க்காலுக்கு வெகு தூரத்தில் நின்றார்கள். அண்ணை மூச்சு வாங்கிக்கொண்டு அக்காவை ஏசினார். உனக்கு விசரோ, முன்னாலை போறதோ என்று. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏசி முடித்ததும்தான் பேசினார்.

"இஞ்சாருங்கோ, ஊராலை வந்த நாளிலை இருந்து உங்களுக்குப் பின்னாலைதான் நடக்கிறன். என்னத்தைப் பாத்துக்கொண்டு நடக்கிறன் எண்டு நினைக்கிறியள்?"

அக்கா அவருடைய சப்பாத்தைக் காட்டினார்.

"உங்கடை காலைத்தான். ஒவ்வொரு அடிக்கும் உங்கடை காலைத்தான். தம்பிக்குப் பின்னாலை நிண்டு பாத்த மனிசன், உங்களுக்குத் தெரியாதோ அது எப்பிடி எண்டு?"

எனக்கு அந்தக் குனிந்த தலை ஞாபகம் வந்தது. மண்டப வாசலிலும் ரயில் மேடையிலும் கடைத்தெருவிலும், அடக்கி வைத்த மனுசி என்று எங்கள் பெண்கள் பரிதாபப்பட்ட அந்தத் தலை.

  தான் முதலில் போனால் எல்லாம் தன்னோடு முடிந்துவிடும் என்று அண்ணை இத்தனை வருடம் நம்பியிருந்தார். பின்னால் நிற்கிறவனுக்கு என்ன நடக்கும் என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. அதைத்தான் மறந்துபோனார். அக்கா அவருடைய கையைப் பிடித்தார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், தடிகளுக்குள்ளால் எங்களிடம் நடந்து வந்தார்கள். அண்ணை கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார்.

 கொக்கு எல்லோரையும் கந்தோருக்கு அனுப்பிவிட்டு, தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றார். நெடுநேரத்துக்குப் பிறகு பறவை இறங்கி வந்து முட்டையில் குந்தியது. அடுத்த நாள் போனபோது தடிகளில் சிவப்பு இல்லை. எல்லாவற்றிலும் நீல நாடா சுற்றியிருந்தது.

அதற்குப் பிறகு நகரத்தில் எஞ்சினும் பெட்டியும் போகக் காணவில்லை. இரண்டு பேரும் சரிசமமாக, நடைபாதையை அடைத்துக்கொண்டு போவார்கள். சைக்கிள்காரர் மணி அடிப்பார்கள். இவர்கள் விலக மாட்டார்கள். கடைசியில் மனுசன் திருந்திவிட்டார் என்று என் மனைவி சொன்னாள். நான் அவளுக்கு விளக்கப் போகவில்லை.

ஆனால் சதுப்பில் கால் வைக்கக்கூடிய பாதை ஒரு ஆள் அகலம்தான். அங்கே இரண்டு பேர் பக்கத்தில் நடக்க ஏலாது. அடுத்த மாரிக்கும் அண்ணை தடியோடு வந்து எனக்கு முன்னால்தான் நின்றார். என்ரை காலடியிலை வை என்றார். நான் முன்னாலை போறன் அண்ணை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே. முன்பென்றால் பின்னால் நடந்துகொண்டு வானத்தைப் பார்ப்பேன், கொக்கின் நெடுங்காலைப் பார்த்துச் சிரிப்பேன். இப்போது ஏலாமல் போய்விட்டது. அவர் ஒரு காலைத் தூக்குவார். அது நிலத்தில் படும்வரை எனக்கு மூச்சு வராது. பிறகு மற்றக் காலைத் தூக்குவார்.